கன்னியம்மா பாட வேண்டிய இரண்டு அடி

சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் கோலாட்டமும் சொல்லித்தரும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தச் சுருதியில் தொடங்குவது, யாரை முன்வரிசையில் நிறுத்துவது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும். அதற்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்ற கிழவி தேவையில்லை. ஒரு நிகழ்ச்சியை எப்போது நிறுத்துவது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பயிற்சிப் பள்ளியில் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. எடுத்த நிகழ்ச்சியை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லாவும் அதோடு போன பிறகு நடந்தது இது. ஜில்லா போய்விட்டதே தவிர, எல்லை முடிவாகவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் எந்த ஊர் எந்த மாநிலத்தில் நிற்கும் என்பதே பேச்சு. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஆட்கள் வந்து கேட்டுப் போவார்கள். மாமியார் தெலுங்கு, மருமகள் தமிழ், பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் இரண்டும் என்று இருந்த வீடுகள் அங்கே ஏராளம். அந்த வீட்டுக்காரர்கள் கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள்.

நான் சித்தூர்க்காரி. எங்கள் குடும்பம் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். சபைக் கோயிலில் பாடிப் பழகியவள் என்பதால் பாட்டும் நாடகமும் என் தலையில் விழுந்தன. ஓடு வேய்ந்த ஒரே கூடம். ஒரு பக்கம் தமிழ்ப் பிரிவு, மறுபக்கம் தெலுங்குப் பிரிவு. பாட்டு வகுப்பில் மட்டும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவார்கள். தலைமை ஆசிரியர் திருச்சானூர்க்காரர், தெலுங்கர். அதிகம் பேச மாட்டார்.

நாற்று நடவைப் பற்றி நானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தேன். உழுவது, விதைப்பது, மழைக்குக் காத்திருப்பது என்று பிள்ளைகள் நடித்துக்கொண்டே பாடும் பாட்டு. மழை வராத இடத்தில் எல்லாரும் நிறுத்திவிட, ஒரு பிள்ளை மட்டும் தனியாக இரண்டு அடி பாட வேண்டும்.

மலைமேல நிக்கிற மேகமே, குனிஞ்சு பாரு
நாத்து வாடுது, எறங்கி வந்து நனைச்சிட்டுப் போ.

அந்த இரண்டு அடியைக் கன்னியம்மா பாடுவாள். மூன்றாம் வகுப்பு. குத்தகைக்கு உழுத ஏகாம்பரத்தின் மகள். ஒல்லியான பிள்ளை, குரல் மட்டும் கூடத்தின் ஓட்டில் போய் முட்டும். மேகத்தைப் பார்த்துக் கெஞ்ச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவளோ திட்டுவதைப் போலத்தான் பாடினாள். கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தேன். பிறகு, மழைக்காகக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அவள், அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

எல்லையைப் பற்றி விசாரிக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், எங்கள் ஊர்ச் சாலையில் நின்று மனு வாங்குவார் என்று செய்தி வந்தது. ஊரில் தமிழர் தரப்புக்குத் தருமலிங்கம் முன்நின்றார். பெரிய நிலக்காரர், நெல் மிஷின் வைத்திருந்தார். ஏகாம்பரம் உழுததும் அவர் நிலம்தான்.

"டீச்சரம்மா, பசங்க பாடிக்கினு நிக்கணும். ஆபீசர் காதால கேக்கணும், இது தமிழ் ஊருன்னு. உம் பாட்டுலயே 'எங்க ஊரு தமிழ் ஊரு'ன்னு கடைசில சேத்துடு" என்றார்.

தெலுங்குத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் தலைமை ஆசிரியரைப் பிடித்துத் தெலுங்குப் பிரிவுக்கு ஒரு பாட்டு ஏற்பாடு செய்தார்கள். அதுவரை ஒன்றாக உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டு மூலைகளில் நின்று, ஒருவரை ஒருவர் அமுக்கிவிடப் பார்ப்பதுபோல் கத்திப் பாடினார்கள். மாலையில் ஊர்ப் பெரியவர்கள் வாசலில் நின்று, "இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா" என்பார்கள். பிள்ளைகளின் குரல் கட்டிப்போனது. எல்லாக் குரலும் கட்டியிருந்ததால் கன்னியம்மாவின் குரலும் கட்டியது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. கத்தியதால் கட்டிய குரல் கரகரக்கும். இடையிடையே உடைந்து பழைய குரல் எட்டிப் பார்க்கும். அவளுடையது அப்படியில்லை. சாக்குக்குள்ளிருந்து வருவதுபோல் மொத்தமாக அடங்கியிருந்தது. காலையில் எல்லாரையும் வாயை அகலத் திறந்து "ஆ" சொல்லச் சொன்னேன். நான் தினமும் செய்வதுதான். வரிசையாக நடந்து அவளிடம் வந்தபோது ஒரு வாடை அடித்தது. குனிந்து பார்த்தேன். உள்நாக்கின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் தோல்போல ஏதோ படிந்திருந்தது. கழுத்து தாடைக்குக் கீழே உப்பியிருந்தது.

சிறுமியாக இருந்தபோது சபைப் பெண்களோடு சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்குப் பாடப் போவேன். ஒரு கட்டிலருகே போனபோது நர்ஸ் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "கிட்ட போகாதே, தொண்டை அடைப்பான்" என்றாள். அந்தக் கட்டிலில் கிடந்த பையனின் கழுத்தும் இப்படித்தான் இருந்தது. அவன் மூச்சின் வாடையும் இதுதான்.

கன்னியம்மாவைத் தனியாக வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் போனேன். பார்த்ததைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, நான் நிறுத்தினா தெலுங்குக்காரன் நிறுத்திட்டான்னு சொல்லுவாங்க. நீ நிறுத்தினா விலைபோயிட்டாள்னு சொல்லுவாங்க. யார் நிறுத்தறது?"

"நான் நிறுத்துறேன் சார்."

"ஒருவேளை அது வெறும் தொண்டைக் கட்டா இருந்தா?"

"இருந்தா நல்லது சார். திட்டு வாங்கிக்கிறேன்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "தெலுங்குப் பிரிவை நான் அனுப்பிடறேன். நீ மட்டும் ஏன் மாட்டிக்கணும்?" என்றார். மணியை அவரே போய் அடித்தார்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். ஒருவர் எச்சிலை ஒருவர் தொடக்கூடாது, ஒன்றாகச் சேர்ந்து பாடக்கூடாது, தொண்டை வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொன்னேன். ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினேன்.

ஏகாம்பரம் வந்தார். அவருக்கு முன்னால் தருமலிங்கம் வந்தார், பின்னால் ஒரு கூட்டம்.

"இன்னா டீச்சரம்மா, பசங்கள வூட்டுக்குத் தொரத்திட்டியாமே?"

"கன்னியம்மாவுக்குத் தொண்டை அடைப்பான் மாதிரி தெரியுதுங்க. மத்த பிள்ளைங்களுக்கும் ஒட்டும். இப்பவே திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"நீ இன்னா டாக்டரா?"

"இல்லைங்க. அதனாலதான் டாக்டர்கிட்ட காட்டச் சொல்றேன்."

"ஆபீசரு வர்ற நேரமாப் பாத்துத் தொண்ட அடைக்குதா? தெலுங்குப் பசங்க பாடும், நம்ம பசங்க வாய மூடிக்கினு நிக்கணும். அதானே?"

"அவங்களும் பாடல. பெரிய சார் அனுப்பிட்டார்."

"எல்லாம் சேந்துக்கினு நாடகம் ஆடறீங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரிய நம்பினது எங்க தப்பு. எவ்ளோ குடுத்தாங்க ஒனக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. பதில் நாக்கின் நுனியில் இருந்தது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம்மைக் கேவலமாகப் பேசும்போது அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு நம்மைப் பற்றியதாகிவிடும். பிள்ளை மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கும். அவரை விட்டுவிட்டு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினேன்.

"நீங்களே பாருங்க. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

ஏகாம்பரம் மகளிடம் போய்க் குந்தினார். அவள் வாயைத் திறந்தாள். அவர் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதை நான் கண்டேன்.

"ஏகாம்பரம்" என்றார் தருமலிங்கம். "பனங்கல்கண்டு போட்டுப் பால் குடு. நாளைக்குச் சரியாப் பூடும். ஒத்திகைய நம்ம மிஷின் களத்துல வெச்சிக்கலாம். எம் பேரனும் பாடறான், இன்னா ஆச்சி அவனுக்கு?"

ஏகாம்பரம் எழுந்து என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வுட்டுடு டீச்சரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. தலைமை ஆசிரியர் சைக்கிளில் நகரிக்குப் போய்ச் சுகாதார ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் வீடு வீடாக ஏறிப் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டேன். பாதி வீடுகள் கேட்டன. பாதி வீடுகள் கதவைச் சாத்தின. களத்திலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டு அடிக்கான இடத்தில் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கன்னியம்மாவின் அம்மா முனியம்மா என் வாசலில் நின்றாள். பிள்ளை அவள் இடுப்பில். மூச்சு இழுக்கும்போது தொண்டையில் விசில் அடிப்பதுபோல் சத்தம்.

"பாலு உள்ள எறங்கல. மூக்கு வழியா வருது" என்றாள். "அவரு வயக்காட்டுக்குப் போற நேரமாப் பாத்துத் தூக்கிக்கினு வந்துட்டேன். நீ வா என்கூட."

திருப்பதி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் உட்காரவைத்துக் காற்றுப் படும்படி பிடித்துக்கொண்டோம். புத்தூர் தாண்டியதும் முனியம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "பொழைக்குமா?" தெரியாது என்றேன். சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மூச்சுச் சத்தத்திலிருந்து எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைப் பார்த்த கையோடு ஓட்டமும் நடையுமாக உள்ளே தூக்கிப் போனார். ஊசி போட்டார்கள். மூச்சு போகவில்லை என்று கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வெளியே வந்த டாக்டர், "நேற்றே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று தெலுங்கில் கேட்டார். முனியம்மா, "எங்கள வுடல சாமி" என்று தமிழில் சொன்னாள். அவருக்குப் புரிந்தது.

மாலையில் ஏகாம்பரமும் வந்து சேர்ந்தார். கட்டில் பக்கம் போகாமல் சுவரோரமாகவே நின்றார்.

குழாய் வைத்த பிறகு கன்னியம்மாவுக்கு மூச்சு சீரானது. குரல் வராது, உதடு மட்டும் அசையும். முகம் தெளிந்திருந்தது. அடுத்த நாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கட்டில் கம்பியில் விரலால் தட்டினாள். என் பாட்டின் தாளம்தான். மழை வராத இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, புருவத்தைத் தூக்கினாள். உன் முறை என்பதுபோல. நான் மெதுவாக அந்த இரண்டு அடியைப் பாடினேன். அவளைப் போலத் திட்டிப் பாட எனக்கு வரவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிழைத்துக்கொண்டாள் என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம். ஏகாம்பரம் கூடச் சுவரை விட்டு வந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம், கையால் சாடை காட்டித் தண்ணீர் கேட்டு எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். அந்த நோயின் விஷம் இருதயத்தில் ஏறிவிடும், தேறியதுபோல் தெரியும்போதுதான் நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னார். முனியம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்தார். நாங்கள் அப்போது திருப்பதியில் இருந்தோம். தலைமை ஆசிரியர்தான் பின்பு சொன்னார். கார் நின்றது, இரண்டு தரப்பும் மனுக் கொடுத்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாட்டு எதையும் அவர் கேட்கவில்லை. பாட அங்கே பிள்ளைகளும் இல்லை. மிஷின் களத்தில் பாடிய பிள்ளைகளில் சிலருக்கு அதற்குள் தொண்டை வலி கண்டிருந்தது. தருமலிங்கத்தின் பேரனும் அதில் ஒருவன். சுகாதார ஆட்கள் முதலிலேயே வந்துவிட்டதால் ஊசி நேரத்துக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் பிழைத்தார்கள்.

சில நாள் கழித்துத் தருமலிங்கம் பள்ளிக்கு வந்தார். கூடத்துக்குள் வரவில்லை. "பையன் தேறிட்டான்" என்றார். "சரிங்க" என்றேன்.  பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை.

பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்து, பினாயில் போட்டுக் கழுவித் திறந்தோம். பிள்ளைகள் வந்தார்கள். பாட்டு வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் துக்கம் என்று நினைத்தேன். பயம் என்று பிறகு புரிந்தது. ஒரு பையன் சொன்னான்: "அந்தப் பாட்டு வோணாம் டீச்சர். பாடினா தொண்டைல சதை வளருமாம்." அந்தப் பாட்டுக்குக் கண் பட்டுவிட்டது, பாடிய வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு. தெலுங்குப் பிள்ளைகளும் அதையே நம்பினார்கள். வேறு பாட்டு எடுத்தேன். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்ஸ்பெக்டர் வந்தா பாடச் சொல்லுவார். கொஞ்சம் அதட்டிப் பாரும்மா."

"அதட்டினா சத்தம் வரும் சார். பாட்டு வராது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் பேச்சில்லாத நாடகங்கள் நடத்தினேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் உழுதார்கள், விதைத்தார்கள், ஆட்டை ஓட்டினார்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு வகுப்பு வாய்க்கலாம். அப்போது அவசரப்படாதீர்கள். பயந்த பிள்ளையிடம் குரலைக் கேட்டு வாங்க முடியாது.

எல்லை பின்னால் முடிவானது. சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அது முடிவாவதற்கு வெகு முன்னால் ஒரு நாள், பாட்டு வகுப்பு நேரத்தில் முனியம்மா கூடத்து வாசலில் வந்து நின்றாள். களை எடுத்துவிட்டு வந்த சேறு முழங்கால்வரை இருந்தது.

"எம் பொண்ணு பாடினது இன்னா பாட்டு டீச்சரம்மா? வூட்ல மொணகிக்கினே இருப்பா. வேல தொந்தரவுல நான் ஒரு நாளும் காது குடுத்துக் கேக்கல. பசங்கள ஒரு தபா பாடச் சொல்லேன்."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளை வெளியே அழைத்துப்போய், பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை மறைக்காமல் சொன்னேன். மகளை இழந்தவளிடம் அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குச் சுருதி சேராது. இரண்டாவது அடியில் மூச்சு நின்றுவிடும். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தானே எழுந்து கூடத்துக்குள் போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள்.

பாட்டை முதலிலிருந்து பாடினாள். மழை வராத இடத்தில் நிறுத்தினாள். பிறகு அந்த இரண்டு அடியையும் பாடினாள். குரல் தடுக்கியது, சொல் ஒன்று மாறிப்போனது. ஆனால் கெஞ்சவில்லை. திட்டுவதுபோலத்தான் பாடினாள்.

முடிந்ததும் வாயை அகலத் திறந்து முன்வரிசைப் பிள்ளைகள் பக்கம் குனிந்தாள்.

"நல்லாப் பாருங்க. எனக்கு எதாச்சும் ஆச்சா?"

ஒரு சின்னப் பெண் எழுந்து எட்டிப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப பாடுங்க" என்றாள் முனியம்மா.

நான் சுருதி கொடுத்தேன். முதல் அடியில் ஒன்றிரண்டு குரல்கள்தான் வந்தன. பிறகு கூடின. முனியம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அவளிடம் போகவில்லை. பாட்டு முடியும்வரை பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டு தாளம் போட்டேன். அந்த நேரத்தில் என் வேலை அதுவாக இருந்தது.